அக்கா உட்கார்ந்துவிட்டால்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் காலை பஸ்ஸில் எனக்கு ஒரு நாளும் உட்கார இடம் கிடைத்ததில்லை. அக்காவுக்குக் கிடைக்காமல் போனதும் இல்லை. சீட்டு இல்லையென்றால் டிரைவர் பக்கத்து எஞ்சின் பெட்டி மேல் உட்காருவாள். அங்கேயும் கூடை, மூட்டை என்று ஏதாவது அடைத்துக்கொண்டிருந்தால் பின்பக்கம் போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையிலேயே சம்மணம் போட்டுவிடுவாள். முதல் நாள் நான் அவளைப் பார்த்தபோது எஞ்சின் பெட்டி மேல் இருந்தாள். டிரைவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்திரிம்மா. எஞ்சின் சூடு, வெந்துபோவ."

"வெந்தா நாந்தான அண்ணாச்சி வேவேன். நீங்க ஓட்டுங்க."

டிரைவர் ஓட்டினார். வேறென்ன செய்வார்.

கல்லூரி நிறுத்தத்தில் என்னோடு இறங்கியதும், யாரோ தங்கச்சியைச் சேர்த்துவிட வந்தவள் என்று நினைத்தேன். எங்களைவிட ஏழெட்டு வயதாவது மூத்தவள். நேராக எங்கள் வகுப்புக்குள் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான், இவளும் நம்மோடு படிக்க வந்தவள் என்று புரிந்தது. வருகைப் பதிவில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை ஆசிரியர்கள் மட்டும்தான் பயன்படுத்தினார்கள். எங்களுக்கு அவள் அக்கா, அவ்வளவுதான்.

நாங்கள் படித்தது சமூகப்பணி இளங்கலை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பாடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. எனக்குக் கணக்கும் வரவில்லை, வணிகவியலிலும் இடம் கிடைக்கவில்லை. ஆகவே இதில் தள்ளினார்கள். என் அப்பா கடைக்கு வருகிறவர்களிடம் "மக சோசியல் படிக்கா" என்று ஏதோ வரலாறு பூகோளம் போலச் சொல்லிச் சமாளித்தார். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத் தள்ளப்பட்டவர்கள்தான். அக்கா ஒருத்திதான் இந்தப் பாடம்தான் வேண்டும் என்று கேட்டுச் சேர்ந்தவள். அதனாலேயே முதல் சில மாதங்கள் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் நின்ற மாமி ஒருத்தி என்ன படிக்கிறோம் என்று கேட்டாள். நான் "சமூக சேவை" என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சேவை என்றால் பெருமாளைச் சேவிப்பதுதான். மாமி சந்தோஷமாக, "கருட சேவை அன்னைக்கு வாங்கோ, நன்னா சேவிக்கலாம்" என்று அழைத்தாள். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. இறங்கியதும் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, சேவைன்னு ஏன் சொன்ன? வேலைன்னு சொல்லு. சேவைன்னா நம்ம இஷ்டம், செய்யலாம், செய்யாம இருக்கலாம். வேலைன்னா வந்துதான் ஆவணும். வராட்டி ஏன் வரலைன்னு கேக்க ஆளு இருக்கணும்."

இதே போல "பாவம்" என்ற சொல்லும் அவளுக்கு ஆகாது. யாரையாவது பார்த்து நாங்கள் பாவம் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். "பாவம்னு சொல்லிட்டா நம்ம சோலி முடிஞ்சுதுன்னு அர்த்தமா?" என்பாள். சரியான வாத்திச்சி என்று அவள் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்திருக்கிறோம்.

வாரத்தில் இரண்டு நாள் எங்களுக்கு வகுப்பு கிடையாது. களப்பணிக்கு ஊருக்குள் போக வேண்டும். ஒவ்வொருவரும் கஷ்டத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்து, வருஷம் முழுக்க அவர்களோடு பழகி, அவர்களாகவே ஒரு வழி பார்த்துக்கொள்ள ஒத்தாசையாக இருக்க வேண்டும். அப்படி எடுத்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பாடத்தில் கேஸ் என்று பெயர். வகுப்பில் ஒருவரையொருவர் பார்த்தால் "கேஸ் கெடச்சுதா?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். எல்லா வம்பும் இந்த ஒரு சொல்லால் வந்தது.

எனக்கும் அக்காவுக்கும் வன்னியம்பட்டி விழுந்தது. ஒரு தெருவின் முதல் வீட்டில் முறத்தோடு நின்ற அம்மாவிடம் அக்கா கணீரென்று சொன்னாள்:

"காலேஜ்லருந்து வாரோம்த்தா. ஒங்க தெருவுல கேஸ் எடுக்கணும்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "கேஸா! எங்க தெருவுக்கா?"

அடுப்பு கேஸ் அப்போது டவுனிலேயே எல்லா வீட்டிலும் கிடையாது. பதிந்துவைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. நாங்கள் தெருவின் அந்த முனைக்குப் போவதற்குள் செய்தி எங்களை முந்திக்கொண்டு போயிருந்தது. பெண்கள் ரேஷன் கார்டோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒத்தை அடுப்பா, ரெட்டை அடுப்பா, சிலிண்டர் வெடிக்காதே என்று ஆளுக்கொரு கேள்வி. ஒரு பெரியவருக்கு மட்டும் அந்தச் சொல் வேறு மாதிரிக் காதில் விழுந்திருக்கிறது. "நான் எந்த அடிதடிக்கும் போவல தாயி" என்று கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"அக்கா, ஓடிருவோம்" என்றேன்.

அக்கா வேப்பமரத்து நிழலில், தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடுப்பு கேஸ் இல்லத்தா. நாந்தான் சொல்லத் தெரியாமச் சொல்லிட்டேன். இது வேற. ஒங்களுக்கு இருக்க கஷ்டத்தச் சொன்னியன்னா, என்ன செய்யலாம்னு சேந்து யோசிக்கலாம்."

"யோசிக்கதுக்கா காலேஜு வச்சிருக்காவ?" என்று ஒருத்தி கேட்க, கூட்டம் சிரித்தது. இன்னொருத்திக்குச் சிரிப்பு வரவில்லை. கார்டைத் தேடிப் பெட்டியில் இருந்ததை எல்லாம் தரையில் கொட்டிவிட்டு வந்தவளாம். வாய்க்கு வந்தபடி ஏசினாள். அக்கா அசையவில்லை. ஏசி முடித்தவள் அக்காவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பேச்சு கேஸிலிருந்து புகைக்கும், புகையிலிருந்து விறகுக்கும், விறகு பொறுக்க மலையடிவாரம் போவதற்கும் நகர்ந்து, கடைசியில் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்கு வேனில் ஏறிப் போகிற பிள்ளைகளிடம் வந்து நின்றது. ஏசியவளின் மகளும் அந்த வேனில்தான் போய்க்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு அப்பா நிறுத்திவிட்டாராம். அந்தக் குடும்பம்தான் அக்காவின் கேஸ் ஆனது.

அன்று திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. எனக்கும் அதிசயமாக ஒரு சீட்டு கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிக்கா இப்படிப் போன எடத்துல எல்லாம் உக்காந்துக்கிடுதீங்க?" என்று கேட்டேன்.

அக்கா தன் இடது கையை நீட்டிக் காட்டினாள். அதில் இரண்டு விரல்கள் மடங்காது. முன்னமே பார்த்திருக்கிறேன், கேட்கத் தயக்கம்.

பதினாறு வயதிலேயே அவளைப் பஞ்சு மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டேதான் வேலை. உட்கார்ந்தால் சூபர்வைசர் வந்துவிடுவார். ஒருநாள் மெஷினில் கை மாட்டிக்கொண்டது. கழிவுப் பஞ்சைச் சுற்றி, தொழிலாளர் நலனைப் பார்க்கும் அதிகாரியின் அறைக்கு அனுப்பினார்கள். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் "அடடா, பாவமே" என்று சொல்லி, "செத்த நேரம் நில்லும்மா" என்று கையைக் காட்டினார். அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் அவர் இருந்தார். இவள் நின்றாள். பஞ்சு நனைந்து ரத்தம் தரையில் சொட்ட ஆரம்பித்தது. நின்றபடியே மயங்கி விழுந்துவிட்டாள். ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்புகிற எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு, காயத்துக்கு ஒரு கட்டுப் போட அவ்வளவு நேரம் ஆனது.

"அந்த ஆளு கெட்டவரு இல்லட்டி" என்றாள். "நல்ல மனுசந்தான். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தாரு. உக்காருன்னு சொல்லணும்னு அவருக்குத் தோணல, அம்புட்டுதான்."

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "அந்த வேலைக்கு என்ன படிச்சிருக்கணும்னு ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டே அவருகிட்டயே கேட்டேன். இந்தப் படிப்பத்தான் சொன்னாரு. அந்த நாக்காலியில நான் உக்காரணும். அதுக்குத்தான் வந்தேன்" என்றாள்.

பாவம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அன்றையிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துப்போனது. தனியாகப் பிளஸ் டூ எழுதித் தேறி, எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறவளைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

இனி வன்னியம்பட்டிப் பிள்ளையின் கதை. அதைச் சொல்லாமல் விட்டால் அக்காவே என்னை மன்னிக்கமாட்டாள். களப்பணி நாள் தவறாமல் அவள் அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். பிள்ளையை மறுபடி பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும், அதுதான் பேச்சு. அப்பாக்காரர் கூலி வேலைக்குப் போகிறவர், அதிகம் பேசமாட்டார். முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு கோபப்பட்டார். அக்கா எழுந்திருக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அவர் தலையாட்டினார். பிள்ளை நீலத் தாவணியில் பள்ளிக்கூடம் போனதை நானே பார்த்தேன். வகுப்பில் அக்காவுக்குக் கைதட்டினோம்.

அடுத்த மாதம் போனபோது வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு வ. புதுப்பட்டிக்கு, மனைவியின் ஊருக்கு, போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அக்கா வத்திராயிருப்பு பஸ் ஏறிப் புதுப்பட்டி போனாள். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். மறுநாள் வகுப்பில், களப்பணியைப் பார்த்துக்கொண்ட மிஸ் கேட்பதற்கு முன் தானாக எழுந்தாள்.

"என் கேஸ் தோத்துருச்சு மிஸ்."

"என்ன ஆச்சு?"

"அவரப் பாத்தேன். 'நீ எங்க வாசல்ல உக்காந்த, ஊரு பூராம் என்னைப் பாத்துச்சு. அப்ப நான் எங்க தாயி உக்கார?' அப்படின்னு கேட்டாரு. பிள்ள அங்க பருத்தி எடுக்கப் போவுது."

மிஸ் ஏதோ ஆறுதல் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். எனக்குப் பயமாகக்கூட இருந்தது. படிப்பை விட்டுவிடுவாளோ என்று நினைத்தேன். ராஜபாளையத்தில் இறங்கும்போது சொன்னாள்: "உக்காந்தது தப்பில்லட்டி. அவரு உக்கார எடம் வச்சிட்டுல்ல நான் உக்காந்திருக்கணும்."

அதன் பிறகு களப்பணிக்குப் போன இடங்களில் அவளிடம் ஒரு மாற்றம். எதிரில் இருப்பவர் உட்காரும்வரை வாயைத் திறக்கமாட்டாள். வீட்டுக்குள் கூப்பிட்டால் போவாள், வாசலில் உட்காருவதை விட்டுவிட்டாள். அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாம் வருஷம், பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அக்காவின் அண்ணன் கல்லூரிக்கே வந்துவிட்டார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்து வீட்டில் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அவசரக் கல்யாணம். படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று முன்னமே சொல்லியிருந்தார்களாம். அக்கா எழுந்து அவரோடு போனால் நாற்காலிக் கனவு அதோடு முடிந்தது. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அண்ணன் வாசலில் நின்றார்.

"ஏட்டி, வா. ஆளுக காத்திருக்காவ."

"வகுப்பு நடக்குண்ணே."

"வான்னு சொல்லுதேன்ல!"

மிஸ், "வேணும்னா போயிட்டு வாங்க" என்றார். அக்கா, "இல்ல மிஸ், நீங்க நடத்துங்க" என்றாள். கையில் பேனா, கண் கரும்பலகையில். அண்ணன் முகம் சிவந்து நிற்கிறார். உள்ளே வந்து கையைப் பிடித்து இழுத்துவிடுவாரோ என்று நினைத்தேன். மிஸ் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்புதான். "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க" என்று கடைசி பெஞ்சைக் காட்டினார். அண்ணனுக்கு என்ன தோன்றியதோ, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அன்றைய பாடம் குழுவாகக் கூடிப் பேசி முடிவெடுப்பது பற்றி. அண்ணன் கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டார். அப்புறம் கண் சொக்கித் தூங்கிப்போனார். மணி அடித்த பிறகு நாங்கள்தான் எழுப்பினோம்.

"இம்புட்டு நேரமா உக்காந்து இதத்தான் கேக்கியா?" என்றார் அக்காவிடம்.

"ஆமாண்ணே."

"இன்னும் எம்புட்டு நாளு?"

"பரீட்சை முடியுற வரைக்கும். அதுக்குப் பொறவு வேலை."

அவர் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "அவிய போயிருப்பாவ இந்நேரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினார். வாசல் தாண்டியவர் திரும்பி, "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா அப்போதுதான் அழுதாள். மூன்று வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பட்டம் வாங்கினாள். அதே மில்லுக்குப் போய் வேலை கேட்டாள். அந்த வேலைக்குப் பொம்பளைகளை எடுப்பதில்லை, மேல்படிப்பும் வேண்டும் என்றார்கள். தொழிலாளிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் ஆள் வேண்டும் என்றதும், சரி என்று அதில் சேர்ந்தாள். "அந்த ரூம்புக்கு நாலு ரூம்பு தள்ளி இருக்கேன். கிட்டத்துல வந்துட்டேன்" என்று எனக்கு ஒரு பொங்கலுக்குச் சொன்னாள். தபாலில் மேல்படிப்பும் படித்துக்கொண்டிருந்தாள். தொட்டிலை ஆட்டிக்கொண்டே படிப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்கு வந்துவிட்டேன். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் மில்களுக்கு வயசுப் பெண்கள் நிறைய வர ஆரம்பித்தார்கள். அவர்களைக் கவனிக்கப் பெண் அதிகாரி வேண்டியிருந்தது. அக்காவுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். கண் பரிசோதனை முகாம் நடத்த அனுமதி கேட்கிற சாக்கில் பார்க்கப் போனேன்.

சின்ன அறை. மேஜை, போன், ஒரே ஒரு நாற்காலி. நாற்காலியில் அக்கா. காதோரம் நரை தெரிந்தது. என்னைப் பார்த்ததும் முகம் விரிந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"வாட்டி! இன்னொரு நாக்காலி கேட்டிருக்கேன். கேட்டுக்கிட்டே இருக்கேன். குடுப்பாவ, குடுக்காம எங்க போவாவ."

நான் நின்றபடி முகாம் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதிகாரி ஆனதும் இவளும் அப்படித்தானா என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பதினேழு வயதிருக்கும். கை முழுக்கக் கழிவுப் பஞ்சு சுற்றியிருந்தது. பஞ்சு சிவந்திருந்தது. கூட வந்த இன்னொரு பெண், "மெசின்ல பட்டுருச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அக்கா எழுந்துவிட்டாள். மேஜையைச் சுற்றி வந்து, அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய், தன் நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"உக்காரு."

"வேணாம் மேடம். நிக்கேன்."

"உக்காருட்டி. மொதல்ல உக்காரு."

அந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அக்கா நின்றுகொண்டே போனை எடுத்து வண்டி கொண்டுவரச் சொன்னாள். இழுப்பறையைத் திறந்து சுத்தமான கட்டுத்துணியை எடுத்தாள். மடங்காத விரல்களால் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவசரமில்லாமல் சுற்றிக் கட்டினாள். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். நாற்காலியில் இருக்கும் பெண்ணைப் பார்த்தார். பக்கத்தில் நிற்கும் அக்காவைப் பார்த்தார்.

"என்ன மேடம், நீங்க நிக்கிறீங்க?"

அந்தப் பெண் பதறி எழுந்திருக்கப் பார்த்தாள். அக்கா அவள் தோளில் கைவைத்து அழுத்தினாள்.

"நான் நிக்கேன் சார். இந்த ரூம்புல எனக்கு நின்னு பழக்கந்தான்."